கூரை இருந்தால் குறை, சுவர் இருந்தால் நீட்டு: புதர் மண்டிய வாய்க்காலில் டென்காரா பழகுவோருக்கு

நீளம் மாற்றும் டென்காரா கம்பு, அதாவது ரீல் இல்லாத ஜப்பானியத் தூண்டில் கம்பு, என் கைக்கு வந்த மூன்றாம் நாளே அதன் நுனிக் கணு போய்விட்டது. மீன் முறிக்கவில்லை. காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாயின் வரத்துக்காலில் கம்பை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பாராமல் சுண்டினேன். மேலே சீமைக்கருவேலம். தூண்டிலின் பொய்ப்பூச்சி கருவேல முள்ளில் மாட்டியது. பதற்றத்தில் கம்பாலேயே வெடுக்கென்று இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாற்று நுனி வந்து சேர 7 வாரம் ஆயிற்று. அதற்குள் வாய்க்காலில் தண்ணீரும் வடிந்துவிட்டது. உங்களுக்கு அந்த 7 வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன கம்பு

டென்காரா ஜப்பானின் மலையோடைகளில் பிறந்த தூண்டில் முறை. ரீல் கிடையாது. கம்பு, நரம்பு, இறகில் கட்டிய பொய்ப்பூச்சி, இந்த மூன்றுதான் சாமான். மலையூர்க்காரர்கள் இவானா, யமாமே, அமாகோ என்கிற குளிர்நீர் மீன்களைப் பிடித்துச் சத்திரங்களுக்கு விற்றுப் பிழைத்த தொழில் இது. அன்றைக்கு மூங்கில், இன்றைக்குக் கார்பன் இழை. பழைய ரேடியோ ஏரியல் மாதிரி கணுக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். 2009-ல் அமெரிக்காவில் டென்காரா யுஎஸ்ஏ என்ற நிறுவனம் கடைபோட்ட பிறகுதான் ஜப்பானுக்கு வெளியே இது பரவலாகத் தெரியவந்தது.

என் அப்பத்தா கம்பை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம தூண்டிக் கம்புதானடா இது? தக்கையைக் காணோம், புழுவைக் காணோம், இதுக்கா இம்புட்டுக் காசு?" என்றார். முக்கால் பங்கு அவர் சொன்னது சரி. மூங்கில் நுனியில் தங்கூசியைக் கட்டி நாம் சின்ன வயதில் பிடித்ததும் ரீல் இல்லாத தூண்டில்தான். மிச்சக் கால் பங்கில்தான் வித்தை இருக்கிறது. நம் தூண்டிலில் ஈயத்தின் கனம் போய் விழும், நரம்பு பின்னாலேயே போகும். இங்கே பூச்சிக்குக் கனமே இல்லை. நரம்பின் கனத்தை வைத்துத்தான் பூச்சியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சாதாரண டென்காரா கம்புக்கு ஒரே நீளம், பெரும்பாலும் 11, 12 அடி. நீளம் மாற்றும் கம்பில் கைப்பிடியை ஒட்டிய ஒன்றிரண்டு அடிக்கணுக்களைக் கைப்பிடிக்குள்ளேயே இறக்கிப் பூட்டிவிட்டு மிச்சத்தை வைத்து வீசலாம். டென்காரா யுஎஸ்ஏவின் ரோடோ இதற்கு நல்ல உதாரணம். அதற்கு 3 நீளம்: 8 அடி 10 அங்குலம், 9 அடி 9 அங்குலம், 10 அடி 6 அங்குலம். ரோடோடென்ட்ரான் புதர்கள் இருபுறமும் அடைத்த, டிரவுட் என்கிற குளிர்நீர் மீன் வாழும் சின்ன ஓடைகளுக்கென்றே செய்த கம்பு, பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சாட்டோ என்று இன்னொன்று இருக்கிறது. 10 அடி 8 அங்குலத்தில் தொடங்கி 12 அடி 9 அங்குலம் வரை போகும். கண்மாய்க் கரைக்கு அது சரி, வரத்துக்காலுக்குப் பெரிது.

செட்டிநாட்டில் டிரவுட் ஏது என்று கேட்பீர்கள். கிடையாது, இருக்கவும் முடியாது. குளிர்ந்த, ஓடுகிற, காற்றோட்டமுள்ள தண்ணீர் அதற்கு வேண்டும். நம் கண்மாய்த் தண்ணீர் மார்கழி விடியலில்கூட அதற்கு வெந்நீர்தான். ஆனால் சோலைக்குள் ஓடும் டிரவுட் ஓடைக்கும், காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் அடைத்த நம் வரத்துக்காலுக்கும் மேலே பார்த்தால் வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் இடம் இல்லை. இங்கே வெளிச்சி மீனைப் பிடிக்கப் பழகிய கை அங்கே போய்த் தடுமாறாது.

எங்கே, எப்போது, யாரைக் கேட்டு

ஊருணியில் போடாதீர்கள். படிக்கட்டு கட்டிய ஊருணியில் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீனும் தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். பல ஊர்களில் அது இன்னும் குடிக்கிற தண்ணீர். செருப்புக் காலோடு இறங்கினாலே சத்தம் போடுவார்கள், அது நியாயமும்கூட.

கண்மாயில் மீன் பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் யார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நான் முதலில் போனபோது குத்தகைக்காரர் கம்பைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கேபிள் கனெக்சனா?" என்றார். நீட்டிக் காட்டியதும் அவரே வாங்கி இரண்டு வீச்சு வீசிப் பார்த்தார். "வரத்துக்கால்ல என்னமும் பிடிச்சுக்கங்க, உள்வாய்ல மட்டும் வேணாம், குஞ்சு விட்டுருக்கு" என்று எல்லையும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை வாங்காமல் இறங்காதீர்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய்களை மறந்துவிடுங்கள். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே கம்போடு போய் நிற்பது அசிங்கம்.

பருவம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து வரத்துக்காலில் புதுத்தண்ணீர் வரும்போது கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து ஏறும். ஊத்தா என்கிற கூடைப்பொறி போடுகிறவர்களுக்கு அது திருவிழா. பொய்ப்பூச்சிக்கு ஆகாது, தண்ணீர் செம்மண் கரைசலாக இருக்கும், மீனுக்குப் பூச்சி தெரியாது. கலங்கல் தெளிந்து, முழங்கால் அளவு தண்ணீர் மெதுவாக நகருகிற மார்கழி, தை, மாசிதான் நம் காலம். பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்றி, கரையில் வெள்ளைத் துண்டு வீசி ஊரே இறங்கிவிடும். அன்றைக்குக் கம்பை வீட்டில் வைத்துவிட்டு நீங்களும் ஊத்தாவோடு போங்கள்.

நரம்பும் பூச்சியும்

புதர் வாய்க்காலில் நரம்பின் நீளம் கம்பைத் தாண்டக்கூடாது. கம்பைக் குறைத்துப் பிடிக்கும் நீளம் எதுவோ, அதற்குச் சரியாக நரம்பை வெட்டிக்கொள்ளுங்கள். ரோடோ போன்ற கம்பென்றால் கனநரம்பு 7 அடி, அதன் நுனியில் மெல்லிய நுனி நரம்பு 2 அடிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 9 அடிக்குள். இதைவிட நீளமாக வைத்தால் மீன் மாட்டிய பிறகு அது கைக்கு எட்டாது. பின்னால் நகர இடம் இருக்கிற பெரிய ஆற்றில் அது பரவாயில்லை. இங்கே பின்னால் முள்.

கனநரம்புக்கு ஃபுளூரோகார்பன் வாங்குங்கள், 3 அல்லது 3.5 எண், ஆரஞ்சோ பச்சையோ பளிச்சென்று இருக்கட்டும். இலைகளுக்கு நடுவில் நரம்பு எங்கே போகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். சாதாரணத் தங்கூசி கனமில்லாதது, சுருண்டுகொள்ளும், வீசினால் பாதியில் தொங்கிவிடும். நுனி நரம்பு 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். "விரால் மாட்டினால் அறுந்துவிடுமே" என்று தடித்ததைக் கட்டாதீர்கள். அறுவதற்காகத்தான் அது மெல்லிசு. அது அறாவிட்டால் கம்பு முறியும்.

ஜப்பானில் பூச்சிக்குக் கெபாரி என்று பெயர். இறகு முன்பக்கமாக, தூண்டில் முள்ளின் கண்ணை நோக்கிச் சாய்ந்திருப்பது சகாசா கெபாரி. இதைக் கட்டக் கடைச்சாமான் ஒன்றும் வேண்டாம். 12-ம் எண் முள், தையல் நூல், நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்தில் இருந்து ஒரு மெல்லிய இறகு. முள்ளை ஒரு சின்னக் குறட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அருகில் நூலைப் பத்துச் சுற்று சுற்றி, இறகின் பளபளப்பான பக்கம் பின்னால் பார்க்கும்படி வைத்துத் தண்டைக் கட்டுங்கள். இறகை மூன்று சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். நான்காவது சுற்று சுற்றினால் அது பூச்சியாக இருக்காது, குஞ்சமாகிவிடும். பிறகு நூலை இறகுக்குப் பின்னால் கொண்டுவந்து மயிர்களை முன்னே தள்ளி நெருக்கி நாலு சுற்று. அப்படியே நூலாலேயே உடம்பை வளைவு வரைக்கும் சுற்றி, திரும்பி வந்து முடிச்சு. நான் அப்பத்தாவின் கிழிந்த கண்டாங்கிச் சேலை ஓரத்தில் உருவிய அரக்கு நூலை உடம்புக்குச் சுற்றுகிறேன். மீனுக்கு அது பிடித்திருக்கிறதா தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கி மட்டமாக்கிவிடுங்கள். மீனிலிருந்தும் சரி, உங்கள் காதிலிருந்தும் சரி, கழற்றச் சுலபம்.

கம்பை விரிப்பது, மடக்குவது

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். புதியவர்கள் கம்பை உடைப்பது மீன் பிடிக்கும்போது குறைவு, விரிக்கும்போதும் மடக்கும்போதும்தான் அதிகம்.

மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். வாயில் கவ்வினால் வாய்க்காலுக்குள் போகும். நுனியில் சிவப்பாக ஒரு சின்னப் பின்னல் நூல் நீட்டிக்கொண்டிருக்கும், லிலியன் என்பார்கள். கம்பு முழுக்க மடங்கியிருக்கும்போதே நரம்பின் சுருக்கை அதில் மாட்டி இறுக்கிவிட வேண்டும். நீட்டிய பிறகு கட்டப் போனால் நுனிக்கணுதான் விரலுக்கு மாட்டும்.

அப்புறம் நரம்பை நூலட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே, மெல்லிய நுனிக்கணுவை முதலில் இழுங்கள். பிறகு அடுத்தது, அடுத்தது என்று தடித்த கணு வரை. ஒவ்வொன்றும் 'பொத்' என்று பிடிக்கிற இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். முறுக்கக்கூடாது. மடக்கும்போது தலைகீழ். தடித்த கணுவை முதலில் உள்ளே தள்ள வேண்டும், நுனி கடைசி. இரண்டு கையும் நெருக்கமாக, நேர்கோட்டில். கை அகலமாகப் பிடித்தால் கம்பு வளையும், வளைந்தபடி தள்ளினால் உடையும்.

நீளம் மாற்றும் வேலை கைப்பிடியில் நடக்கிறது. எல்லாக் கணுவையும் நீட்டினால் முழு நீளம். கைப்பிடியை ஒட்டிய முதல் கணுவை மட்டும் உள்ளே இறக்கி, பூட்டு பிடிக்கும்வரை அழுத்தினால் நடு நீளம். அதற்கடுத்த கணுவையும் இறக்கினால் குட்டை. இங்கே எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பாதியில் விட்டுவிடுவார்கள். பூட்டாத கணு வீசும்போது லொடலொடவென்று ஆடும், மீன் இழுத்தால் சரேலென்று வெளியே வரும். பூட்டிய பிறகு கம்பைக் காதருகில் பிடித்து லேசாக உதறிப் பாருங்கள். உள்ளே ஆட்டம் கேட்டால் பூட்டவில்லை என்று பொருள்.

வளவில் ஒரு வாரம்

தண்ணீருக்குப் போகும் முன் வீட்டில் பழகிவிடுங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடு யாரிடமாவது இருந்தால் கெஞ்சிக் கேட்டு வளவில் நில்லுங்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மேலே திறந்த வானம், சுற்றிலும் தாழ்வாரம், நாலு பக்கமும் தூண். நடுவில் ஒரு தாம்பாளத்தைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். முள்ளை வெட்டி எடுத்துவிட்ட பூச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் வளவின் நடுவில் நின்று தலைக்கு மேல் வீசுங்கள். கடிகாரமாக நினைத்துக்கொண்டால், கம்பு பின்னால் 12 மணியில் நிற்க வேண்டும், முன்னால் 10 மணியில் நிற்க வேண்டும். முழங்கை உடம்போடு, மணிக்கட்டும் முன்கையும்தான் வேலை செய்யும். வேகம் பிறகு வரும். நிறுத்தத்தைப் பழகுங்கள். சட்டென்று நிறுத்தினால்தான் நரம்பு நீளும். இழுத்துக்கொண்டே போனால் நரம்பு காலடியில் குவியும்.

மூன்றாம் நாள் தாழ்வாரத்துக்குள் வாருங்கள். இப்போது தலைக்கு மேல் உத்தரம், பக்கத்தில் தூண், பழகிய வீச்சு எதுவும் நடக்காது. இனிமேல்தான் புதர்ப் பாடம். கம்பைக் குட்டையாக்குங்கள். தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் வீசி, இரண்டு தூணுக்கு நடுவிலிருந்து தாம்பாளத்தில் பூச்சியை இறக்கப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும், வீட்டு ஆச்சியும் பார்த்துக்கொண்டிருப்பார். ஈரத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக உண்டிவில் வீச்சு. பின்னால் கம்பு போகவே இடமில்லாத இடத்தில் கைகொடுப்பது இது ஒன்றுதான். பூச்சியை முள் வளைவில், கூர் விரலுக்கு வெளியே இருக்கும்படி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். கம்பு நுனியை மீன் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே குறிவையுங்கள். நரம்பை இடுப்புப் பக்கம் இழுத்தால் கம்பு வில்லாக வளையும். விட்டுவிடுங்கள். விடும்போது கம்புக்கையை ஆட்டாதீர்கள், அது அசையாமல் இருந்தால் பூச்சி குறியிலேயே விழும். இழுக்கும் நீளம் கைக்கு எட்டுகிற அளவுதான் என்பதால், நரம்பு மிஞ்சினால் இரண்டு மூன்று வளையமாக விரலில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம். கொட்டாங்குச்சி அகலத்துக்குள் பத்துக்கு ஆறு விழும்வரை வாய்க்காலுக்குப் போகாதீர்கள்.

வாய்க்காலில்

தண்ணீருக்கு வந்ததும் கண் மீனைத் தேடும். தேடாதீர்கள். முதலில் மேலே பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில்.

தலைக்கு மேல் கிளை கவிந்திருந்தால் அது கூரை. கூரை இருந்தால் கம்பைக் குறையுங்கள். கையை உயர்த்தி, கம்பை நேரே நிமிர்த்தி, நுனி கிளையில் படாமல் ஒரு வட்டம் சுற்ற முடிகிறதா என்று வீசுவதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்கலாம். நடு நீளத்தில் பட்டால் குட்டை. குட்டையிலும் பட்டால் பக்கவாட்டு வீச்சு அல்லது உண்டிவில் வீச்சு.

தலைக்கு மேல் வெட்டவெளி, ஆனால் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோரையும் சம்பையும் காட்டாமணக்கும் இடுப்பளவு அடைத்து நின்றால் அது சுவர். இங்கே எல்லாரும் புதரைப் பார்த்ததும் கம்பைக் குறைத்துவிடுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டிய இடம் இது. சுவர் இருந்தால் நீட்டுங்கள், முழு நீளத்துக்கு. வீசவே வேண்டாம். கம்பு மடங்கியிருக்கும்போதே நீள நரம்பைக் கழற்றி, இரண்டு மூன்று அடிக் குட்டை நரம்பை நுனியில் மாட்டிக்கொண்டு, கம்பைச் சுவருக்கு மேலாக நீட்டி, தண்ணீரில் பூச்சியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தும்பி முட்டையிடும்போது வாலால் தண்ணீரைத் தொடுமே, அந்தத் தாளம். வெளிச்சி இதற்கு ஓடி வரும்.

கூரையும் சுவரும் சேர்ந்தே இருக்கிற இடங்கள் நிறைய. அங்கே வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிடுவதுதான் என் வழக்கம். தண்ணீருக்கு மேலே மட்டும்தான் ஒரு குகை மாதிரி இடைவெளி இருக்கும். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேல்நோக்கி நடங்கள். ஓடும் தண்ணீரில் மீன் வருகிற நீரைப் பார்த்து நிற்கும், முதுகு உங்கள் பக்கம். நீங்கள் கலக்கும் சேறும் பின்னாலேயே போய்விடும். வெள்ளைச் சட்டை வேண்டாம், நிழல் முன்னே விழ வேண்டாம், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள்.

நீளத்தை மாற்றுவது எப்போது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மாற்றாதீர்கள், நாலு எட்டு முன்னாலேயே நின்று மாற்றிவிடுங்கள். மீன் நிற்கும் இடத்துக்கு மேலே கம்பை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தால் மீன் உங்களுக்காகக் காத்திருக்காது. முட்புதருக்குள் நடக்கும்போது கம்பை நுனி பின்னால் இருக்கும்படி கீழே தாழ்த்திப் பிடியுங்கள். இருபது அடிக்கு மேல் நடப்பதாக இருந்தால் சோம்பல்படாமல் மடக்கிவிடுங்கள்.

மின்கம்பி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கார்பனில் மின்சாரம் பாயும். பம்புசெட்டுக்குப் போகும் கம்பி தாழத் தொங்கும் வயலோரம் கம்பை நீட்டவே நீட்டாதீர்கள். இடி முழங்கினால் மடக்கிக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். மடை திறந்திருக்கும்போது அதன் வாய்க்கு அருகில் இறங்காதீர்கள், உள்ளிழுக்கும். குளவிக்கூடு இருக்கிறதா என்று கிளைக்கடியைப் பார்த்துவிட்டுக் கம்பை நுழையுங்கள். செருப்பு போதாது, சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்து மறுபக்கம் வரும். தடித்த அடி வைத்த பூட்ஸ் போடுங்கள். அந்தி சாய்ந்தால் கிளம்பிவிடுங்கள், அதற்கப்புறம் வரப்பு பாம்புக்குச் சொந்தம்.

மீன் மாட்டினால்

மேல்மட்டத்தில் வெளிச்சி, கொஞ்சம் உள்ளே பொடிக்கெண்டை, ஓரப்புல்லில் சிலேபி, வேர்க்காலில் குறவை. முதல் மூன்றும் இந்தக் கம்புக்கு அளவான மீன். பூச்சியை எடுத்தது எப்படித் தெரியும்? சில நேரம் தண்ணீர் 'சுளுக்' என்று உடையும், பெரும்பாலும் நரம்பு நகராமல் ஒரு நொடி நிற்கும். அவ்வளவுதான் அடையாளம். சந்தேகம் வந்தால் மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்குங்கள். புழுத்தூண்டிலில் தக்கை முங்கியதும் வெட்டி இழுப்போமே, அந்தப் பழக்கம் இங்கே கம்பைக் கூரையில் கொண்டுபோய் மாட்டும். அதனால்தான் குறைத்த நீளத்தில் நிற்கச் சொல்கிறேன். வீசுவதற்கு இடம் பார்க்கிறவர்கள் தூக்குவதற்கு இடம் பார்ப்பதில்லை.

கூரைக்கடியில் மீன் மாட்டினால் கம்பை மேலே தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, தண்ணீருக்கு இணையாக இழுங்கள். அது வேரை நோக்கி ஓடினால் எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். களைத்த பிறகு கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், வரும் நரம்பை மறுகையால் பிடித்து, கையாலேயே மீனை இழுத்துக்கொள்ளுங்கள். கம்பு செங்குத்தைத் தாண்டிப் பின்னால் மிகச் சாய்ந்தால் வளைவெல்லாம் நுனிக்கணுவில் போய்ச் சேரும், ஜாக்கிரதை.

குறவை வேறு ரகம். போன தை மாதம் ஒரு சாண் குறவை ஒன்று காட்டாமணக்கு வேருக்கடியில் பூச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தால் நுனி நரம்பு அறும், விட்டால் சிக்கும். நரம்பைத் தளர்த்திவிட்டு நூறு எண்ணினேன். எழுபதில் அதுவாகவே வெளியே வந்தது. எல்லாக் குறவையும் இப்படி மரியாதை காட்டாது. கெளுத்தி எப்போதாவது மாட்டும். மார்பு முள்ளும் முதுகு முள்ளும் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும், துண்டால் பிடியுங்கள். விரால் தலை தெரிந்தால் எனக்கு யோசனையே கிடையாது, பூச்சியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விடுவேன்.

கிளையில் மாட்டினால்

மாட்டும். தினமும் மாட்டும். கம்பால் இழுக்காதீர்கள் என்பதை நுனிக்கணு இழந்தவன் சொல்கிறேன். முதலில் நரம்பைத் தளர்த்தி லேசாக ஆட்டிப் பாருங்கள், பாதி நேரம் தானாக விழும். விழாவிட்டால் கம்பை மாட்டிய இடத்தை நோக்கி நேராகப் பிடித்து, தடித்த கணுவிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே முன்னால் போங்கள். நரம்பு கைக்கு வந்ததும் கம்பை விட்டுவிட்டு நரம்பை மட்டும் இழுங்கள். வந்தால் பூச்சி, வராவிட்டால் அறுந்து இரண்டு ரூபாய் நஷ்டம். அறுந்த நரம்பு எட்டுகிற தூரத்தில் தொங்கினால் எடுத்துவிடுங்கள். கொக்குக் காலில் சுற்றிக்கொள்ளும்.

கணு இறுகிக்கொண்டால், பெரும்பாலும் ஈரத்தால்தான், பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி ஒவ்வொரு கையிலும் வைத்துப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். வழுக்காமல் பிடி கிடைக்கும், சட்டென்று விடும். குறடு போட்டால் கார்பன் நொறுங்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

இங்கே ஒரு பருவம் பழகிவிட்டால் டிரவுட் ஆசை வரத்தான் செய்யும். நீலகிரியில் டிரவுட் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன். அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சுப் பண்ணை தொடங்கினார்கள். இப்போது அங்கே இருப்பது வானவில் டிரவுட். ஓடைகள் வனத்துறைப் பகுதியில் போவதால், அனுமதி இல்லாமல் கம்பை வெளியே எடுக்காதீர்கள். எந்த ஓடை, எந்த மாதம் என்பதை மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

அங்கே மாறுவது சில விஷயங்கள்தான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, அதனால் குனிந்து, முட்டிபோட்டு நெருங்க வேண்டும். பாறை வழுக்கும். மீன் நிற்பது பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணிகிற இடத்தில், நீர் விழுந்து நுரை அடங்குகிற விளிம்பில், கரை குடைந்த நிழலில். பூச்சியை ஓட்டத்துக்கு மேலே வைத்து அது மிதந்து வரும் வேகத்திலேயே கம்பு நுனியைக் கூடவே நகர்த்துங்கள். நரம்பு தண்ணீரில் படாமல் தூக்கியே இருந்தால் பூச்சி இழுபடாது, டென்காராவின் பெரிய லாபமே அதுதான். விடப்போகிற மீனை உலர்ந்த கையால் தொடாதீர்கள். கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள்.

சோலை மரங்கள் உயரமில்லாதவை, கிளை கோணல்மாணலாகத் தண்ணீர் மேலேயே படுத்திருக்கும். காட்டுப்பூவரசு என்று அங்கே சொல்கிற மரம் ரோடோடென்ட்ரான் இனம்தான், அந்தக் கம்புக்குப் பெயர் கொடுத்த புதரின் உறவுக்காரன். கூரை நிறைய, சுவர் குறைவு. நான் அனுமதியோடு போன ஒரே நாளில் கம்பைக் குட்டையை விட்டு நீட்டியது இரண்டு இடத்தில்தான். மூன்று மீன் மாட்டியது, மூன்றும் உண்டிவில் வீச்சில். அதில் ஒன்று கைக்கு வரும் முன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும்

கம்பை மடக்கியபடி மூலையில் சாய்த்துவிடாதீர்கள். அடிமூடியைத் திருகிக் கழற்றி, கணுக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, வேட்டித் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். கண்மாய்ச் சேறு மாவு மாதிரி நுண்ணியது. பூட்டுகிற இடத்தில் படிந்தால் கணு பிடிக்காது, பிடித்தால் விடாது. எண்ணெய் போடக்கூடாது. முகப்புத் திண்ணையில் ஒரு பாயை விரித்து, தடித்தது முதல் நுனி வரை வரிசையாக வைத்துவிட்டு, குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். என் இரண்டாவது நுனிக்கணு அப்படித்தான் போனது. மிதித்தது அப்பத்தா. "கோழி இறகுன்னு நெனச்சேன்டா" என்றார்.